வாயைப் பாருங்கள், நிறத்தை விடுங்கள்: ராமநாதபுரம் கரையில் சின்னச் சங்குகளை இனம் காணும் முறை

பாம்பன், மண்டபம், கீழக்கரை பக்கம் சுருண்ட ஓடு எதுவானாலும் அது சங்கு. இரண்டு கதவாகத் திறந்தால் அது சிப்பி அல்லது மட்டி. விலைக்குப் போகிற பெரிய சங்குகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாத சின்ன உருப்படிகளை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஒரு கைப்பிடி கரைச் சிப்பித் தூளை அள்ளினால் அதில் ஏழெட்டுக் குடும்பங்களைச் சேர்ந்த ஓடுகள் இருக்கும். அவற்றைப் பிரித்துப் பெயர் சொல்வதற்கான வழி இது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. பத்துத் தவறில் எட்டு, நிறத்தைப் பார்த்துப் பெயர் வைப்பதால் வருவது. ஒரே இனத்தில் ரோஜா, சாம்பல், பழுப்பு, கோடு போட்டது, புள்ளி வைத்தது எல்லாம் இருக்கும். நாள் கணக்கில் வெயிலில் கிடந்தால் எல்லாமே வெளுத்துவிடும். வாயின் அமைப்பு அப்படி மாறுவதில்லை. ஆகவே ஓட்டை எடுத்ததும் திருப்பி வாயைப் பார்க்கிற பழக்கம் வரவேண்டும்.

எங்கே, எப்போது

இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். மன்னார் வளைகுடாவான தென்கடலில் மணல், கடற்கரைப் பாறை, பவளப்பாறைத் துண்டுகள். பாக் விரிகுடாவான வடகடலில் அமைதியான ஆழமற்ற நீர், சேறு, கடற்புல். தேவிபட்டினம், தொண்டி பக்கத்துச் சேற்றில் கிடைக்கும் சங்குக் கூட்டம் வேறு, மண்டபத்துத் தென்கரைப் பாறையில் ஒட்டியிருக்கும் கூட்டம் வேறு. எந்தக் கடல், எந்தத் தரை என்பதை எடுத்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

இங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் வெளிப்படும் தரையும் கொஞ்சம்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக வற்றும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடித்து ஓய்ந்த பிறகு தென்கரையிலும், வாடைக் காலத்துக்குப் பிறகு வடகரையிலும் ஓடுகள் வரிவரியாக ஒதுங்கிக் கிடக்கும்.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கிருந்து செத்த ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது. தீவுகளுக்கு வெளியேயும் சில சங்கினங்கள் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. பெயர் தெரியாத பெரிய சங்கைத் தொடாமல் விடுவதே சரி. உயிருள்ளது எதுவானாலும் படம் எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே, எடுத்த வாக்கிலேயே வைத்துவிடுங்கள். கல்லைப் புரட்டினால் திரும்ப மூடுங்கள்.

ஓடு தானாக நகர்ந்தால் அது பெரும்பாலும் சங்குப் பூச்சி இல்லை, உள்ளே குடியிருக்கும் துறவி நண்டு. இந்த நண்டு ஓட்டை எங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் சுமந்துவரும். சேற்றுச் சங்கு பாறையில் கிடக்கிறதே என்று குழம்புவதற்கு முன் நண்டு குடியிருந்த அடையாளம் இருக்கிறதா பாருங்கள். வாயின் உள்விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கும், தரையில் இழுபட்ட பக்கம் தட்டையாகியிருக்கும். அப்படிப்பட்ட ஓட்டுக்கு இனப் பெயர் சொல்லலாம். 'இங்கே வாழ்கிறது' என்று மட்டும் எழுதக் கூடாது.

கையில் வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் (நகைப் பட்டறையில் வைத்திருப்பது போதும்), 0.1 மில்லிமீட்டர் வரை காட்டும் வெர்னியர், மென்மையான பழைய பல் பிரஷ், பல்குச்சி, கிராஃப் தாள், கறுப்பு சார்ட் ஒரு துண்டு, பென்சில். சின்ன ஓடுகளைப் பிரிக்க இரண்டு சல்லடை: துளை நான்கு மில்லிமீட்டர் அளவில் ஒன்று, ஒரு மில்லிமீட்டரில் ஒன்று. கரையில் ஒதுங்கிய சிப்பித் தூள் இரண்டு கைப்பிடி போதும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சலித்து, கறுப்புத் தாளில் பரப்பினால் கண்ணுக்குத் தப்புகிற ஐந்து மில்லிமீட்டர் ஓடுகளெல்லாம் தெரியவரும்.

சுத்தம் செய்வதற்கு முன்பே ஒரு படம் எடுத்துவிடுங்கள். சில இனங்களில் ஓட்டின் மேல் மெல்லிய பழுப்புத் தோல் இருக்கும், அதுவும் ஓர் அடையாளம். கழுவினால் போய்விடும். பிறகு ஒரு நாள் முழுக்க நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நடுவில் இரண்டு முறை தண்ணீரை மாற்றி, பிரஷால் தேயுங்கள். பாசியும் அழுக்கும் விடாப்பிடியாக இருந்தால் ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் போதும்.

புளி, எலுமிச்சை, வினிகர், கழிவறை ஆசிட் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்வதைச் சங்குக்குச் செய்தால் கெட்டது. ஓடு முழுக்கக் கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டதும் முதலில் கரைவது மேலே துருத்தி நிற்கும் மணிகளும் வரிகளும்தான், இனம் காண நமக்கு வேண்டியவையும் அவையே. பிளீச்சிங்கும் ஆசிடும் கலந்தால் குளோரின் வாயு வரும், அது உயிருக்கே ஆபத்து.

ராமேஸ்வரத்துக் கடைவீதியில் விற்கும் பளபளப்பான ஓடுகளை வைத்துப் பழகுவதில் பலன் குறைவு. பல ஓடுகள் ஆசிடில் முக்கி மெருகேற்றப்பட்டவை. வெளிநாட்டிலிருந்து வந்தவையும் அதே கூடையில் இருக்கும்.

பிடிக்கும் முறை: இங்கேதான் தமிழருக்கு ஒரு குழப்பம்

உச்சி மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். வாய் உங்கள் வலது கைப் பக்கம் இருந்தால் விலங்கியலில் அது 'வலச்சுற்று'. கடல் சங்குகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான். ஆனால் நம் வழக்கில் சங்கை உச்சி கீழே, வாயின் அடியில் நீளும் மூக்கு மேலே வைத்துப் பார்க்கிறோம். அதனால் சாதாரணச் சங்கு நமக்கு இடம்புரி, அரிய சங்கு வலம்புரி. அந்த அரிய வலம்புரியை விலங்கியல் நூல்கள் 'இடச்சுற்று' என்று எழுதும். இரண்டும் சரி, பிடிக்கும் வாக்கு மட்டும் வேறு. குறிப்பேட்டில் வலம்புரி, இடம்புரி என்று எழுதாமல் 'உச்சி மேலே, வாய் வலம்' என்று எழுதினால் வம்பில்லை. செல்பி கேமராவில் எடுத்த படம் சில போன்களில் இடம் வலமாக மாறிப் பதியும், அதையும் கவனியுங்கள்.

சிப்பித் தூளில் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் நீளத்தில், ஊசி போல, மணி மணியாக, வாய் இடப் பக்கம் உள்ள ஓடு கிடைத்தால் கோடீஸ்வரர் ஆகிவிட்டதாக நினைக்க வேண்டாம். டிரைஃபோரிடே என்ற குடும்பமே ஏறத்தாழ முழுதும் அப்படிச் சுற்றுவதுதான். நம் கணக்கில் அத்தனையும் வலம்புரி.

பெரிய வலம்புரி என்று சொல்லி விற்பனைக்கு வருகிறவற்றிலும் வாய்தான் சாட்சி. உண்மையான சங்கின் நடுத்தண்டில் (சுற்றுகளுக்கு அச்சாக உள்ளே நிற்கும் தண்டு) மூன்று நான்கு தடித்த மடிப்புகள் தெளிவாக இருக்கும். அட்லாண்டிக் கரையில் இயல்பாகவே இடச்சுற்றாக வளரும் ஒரு வகைச் சங்கு வலம்புரி என்று கைமாறுவதுண்டு. அதில் இந்த மடிப்பு வரிசை கிடையாது.

பார்க்கும் வரிசை

முதலில் வாய்க்குள் டார்ச் அடியுங்கள். முத்துச் சிப்பியின் உள்ளே மின்னும் வானவில் பளபளப்பு இருந்தால் டிரோக்கிடே அல்லது டர்பினிடே குடும்பம். இந்த இரண்டையும் பிரிப்பது மூடி, அதாவது உயிர் உள்ளே ஒடுங்கும்போது வாயை அடைக்கும் தகடு. டிரோக்கிடேக்கு நகம் போன்ற மெல்லிய வட்ட மூடி, டர்பினிடேக்குக் கல் போன்ற தடித்த மூடி. மேல் அடுக்கு உதிர்ந்து உள்ளடுக்கு வெளியே தெரியும் ஓடுகளும் மின்னும். அதனால் வாயின் ஆழத்தில் பார்க்க வேண்டும்.

மின்னவில்லை என்றால் வாயின் அடி விளிம்பு. அது தொடர்ச்சியாக வட்டமாக ஓடுகிறதா, ஒரு வெட்டு இருக்கிறதா, வெட்டு நீண்டு மூக்காகிறதா? வெட்டும் மூக்கும் உள்ளே இருக்கும் உயிர் நீட்டும் சுவாசக் குழலுக்கான வழி. ஊன் தின்னும் குடும்பங்களில் இது பரவலாகவும் தெளிவாகவும் இருக்கும். அடுத்து, வாயின் நடுத்தண்டுப் பக்கத்து விளிம்பான உள் உதடு: பல் இருக்கிறதா, மடிப்பு இருக்கிறதா, தட்டையான பலகையா? அதன் பக்கத்தில் தொப்புள்: திறந்த குழியா, மூடியிருக்கிறதா, பாதி அடைத்திருக்கிறதா? அதற்குப் பிறகுதான் மேல்பரப்பு வரிகள், மணிகள். கடைசியாக நிறம்.

வெளி உதட்டை விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். காகிதம் போலக் கூர்மையாக இருந்தால் குஞ்சாக இருக்கலாம், பெயர் சொல்ல அவசரப்படாதீர்கள். தடித்துச் சுருண்டிருந்தால் வளர்ந்தது. குஞ்சுக்கும் தாய்க்கும் உருவமே மாறும் இனங்கள் இந்தக் கடலில் நிறைய.

அளவு எடுக்கும்போது உச்சியிலிருந்து வாயின் அடி வரை உயரம், அகன்ற இடத்தில் அகலம். இரண்டின் விகிதம் உயரத்தைவிடப் பயனுள்ளது. 31 மில்லிமீட்டர் உயரம், 11 மில்லிமீட்டர் அகலம் என்றால் 2.8. உச்சி உடைந்திருந்தால் உயரத்துக்குப் பக்கத்தில் 'உடைந்தது' என்று எழுதாமல் விடாதீர்கள். சுற்றுகளை எண்ண, உச்சியை நேர் மேலிருந்து லென்ஸில் பாருங்கள். நடுவிலுள்ள அரைவட்டக் கருவின் விளிம்பைத் தொட்டு ஒரு நேர்கோடு போட்டதாகக் கொண்டு, தையல் (சுற்றும் சுற்றும் சேரும் கோடு) அந்தக் கோட்டை ஒரே பக்கத்தில் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று.

நீண்ட கூம்புகள்

அதிகம் குழப்புவது இவைதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். நான்கு குடும்பங்கள் தூரத்துப் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்.

வாய் வட்டம், அடியில் வெட்டே இல்லை, சுற்றோடு போகும் வரிகள் மட்டும், குறுக்கு விலா (சுற்றுக்குக் குறுக்கே ஓடும் மேடு) இல்லை, தையல் ஆழம்: டர்ரிடெல்லா. வாய் சிறியது, அடியில் தெளிவான வெட்டு, நடுத்தண்டு முறுக்கியது, சுற்றுகள் தட்டையாகப் பளபளப்பாக: டெரிப்ரா. இந்த இரண்டும் மணலில் புதைந்து வாழ்பவை. வெட்டு ஒன்றைப் பார்த்தாலே பிரிந்துவிடும்.

சிரமம் மற்ற இரண்டில். சேற்றில் ஆயிரக்கணக்கில் மேய்வது பைரனெல்லா சிங்குலேட்டா. ஒவ்வொரு சுற்றிலும் குறுக்கு விலாவைச் சுற்று வரிகள் வெட்டுவதால் மூன்று வரிசை மணிகள் கோத்தது போல் இருக்கும். வளர்ந்த ஓட்டில் வெளி உதடு தடித்து வெளியே விரியும். கடைசிச் சுற்றில், வாயைப் பார்த்துப் பிடித்தால் இடப் பக்கமாக, ஒரு தடித்த வரப்பு எழும். அடியில் குட்டையான வெட்டு மட்டும். பாறையிலும் கடற்புல்லிலும் உள்ள செரித்தியம் வகைகளில் அந்த இடத்தில் பின்னோக்கி வளைந்த தெளிவான குட்டை மூக்கு இருக்கும், வாயின் மேல் மூலையிலும் ஒரு சின்னக் கால்வாய் இருக்கும்.

உதடு உடைந்து, மணி தேய்ந்து, இந்த அடையாளங்கள் எதுவும் மிஞ்சாவிட்டால்? உயிருள்ளது பக்கத்தில் இருந்தால் மூடியைப் பாருங்கள். பைரனெல்லாவின் மூடி வட்டம், நடுவிலிருந்து பல சுற்று சுற்றிய கொசுவத்தி போல. செரித்தியத்தின் மூடி முட்டை வடிவம், சுற்று ஒன்றிரண்டே, அதன் மையமும் ஓரமாக ஒதுங்கியிருக்கும். இந்த ஒரு சோதனை போதும், ஓட்டின் எந்தத் தேய்மானமும் இதைக் கெடுக்காது.

பழைய இந்திய நூல்களில் இந்தச் சேற்றுச் சங்கு செரித்திடியா சிங்குலேட்டா என்று இருக்கும். உயிர் ஒன்றே, பேரினப் பெயர்தான் மாறியது. 2016-ல் வெளியான மறுஆய்வு இந்தப் பேரினத்தில் நெருங்கிய இனங்கள் பலவற்றைப் பிரித்தது. அதனால் ஒற்றை ஓட்டை வைத்து அடித்துச் சொல்லாதீர்கள். ஒரே இடத்திலிருந்து வளர்ந்த உதடுள்ள ஓடுகள் பத்தாவது வைத்து ஒப்பிட வேண்டும்.

உருண்டையும் தட்டையும்

மணற்கரையில் சட்டைப் பொத்தான் அளவில் வழுவழுப்பாகக் கிடப்பது அம்போனியம் வெஸ்டியேரியம். அகலம் ஒரு சென்டிமீட்டர் வாக்கில், கூம்பு தாழ்ந்து லென்ஸ் வடிவம். புரட்டினால் தொப்புள் இருக்க வேண்டிய இடத்தை ஒரு தடித்த பூச்சு அப்படியே அடைத்திருக்கும். நிறத்தை நம்பினால் இந்த ஒரு இனத்தையே பத்து இனமாக எண்ணிவிடுவீர்கள்.

அதே அளவில், அதே அளவு நிறக்கோலத்தோடு கடற்புல் பக்கம் இருப்பது கிளித்தான். திருப்பினால் சந்தேகமே வராது. வாய் அரை நிலா, உள் உதடு பலகை போலத் தட்டை. நெரிட்டிடே குடும்பம் முழுவதற்கும் இதுதான் முத்திரை. கல் போன்ற மூடியின் உள்பக்கம் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். இந்தக் குடும்பம் வளரும்போது உள்சுவர்களைத் தானே கரைத்துவிடும், அதனால் உடைந்த ஓட்டில் நடுத்தண்டைத் தேடினால் கிடைக்காது. பாறையில் உள்ள பெரிய நெரிட்டாக்களை அந்தப் பலகையை வைத்தே பிரிக்கலாம். பலகையில் சிறு கொப்புளங்கள், மூடியும் சொரசொரப்பு என்றால் நெரிட்டா ஆல்பிசில்லா. ஓடு கண்ணாடி போல வழவழப்பு என்றால் நெரிட்டா பொலிட்டா.

நெரிட்டாவோடு குழப்பப்படும் இன்னொன்று நாட்டிசிடே, நிலாச் சங்கு. இதற்கும் வாய் அரை நிலாதான். ஆனால் பல் கிடையாது, உள் உதட்டின் பக்கத்தில் தொப்புளும் அதை முழுதாகவோ பாதியாகவோ அடைக்கும் பூச்சும் இருக்கும். பால் வெள்ளையாக, பேரிக்காய் வடிவில், தொப்புள் முழுக்க அடைந்தது பொலினிசஸ் மம்மில்லா. மூடி கல்லாக இருந்தால் நாட்டிகா பக்கம், நகம் போல் இருந்தால் பொலினிசஸ் பக்கம். கரையில் கிடக்கும் மட்டி ஓடுகளில் துரப்பணம் போட்டது போல், விளிம்பு சரிந்த வட்ட ஓட்டை பார்த்திருப்பீர்கள். அது இந்தக் குடும்பத்தின் வேலை. சரிவில்லாமல் நேராக இறங்கிய ஓட்டை என்றால் முள்ளுச் சங்குக் குடும்பத்தைச் சந்தேகிக்கலாம்.

சோழி

இரண்டு உதட்டிலும் பல் இருந்தால் சோழி. உள் உதட்டில் மட்டும் நான்கைந்து மடிப்பு, ஓடு பளபளப்பு, உச்சியில் கூம்பு எட்டிப்பார்க்கிறது என்றால் அது மார்ஜினெல்லா வகை. பலகறைச் சோழியும் வளையச் சோழியும் கரையில் கலந்தே கிடக்கும். முதுகில் மஞ்சள் வளையம் இருந்தால் வளையச் சோழி என்பார்கள், தேய்ந்த ஓட்டில் அந்த வளையம் போய்விடும். அப்போது விளிம்பைத் தடவிப் பாருங்கள். மொனேட்டாரியா மொனேட்டா கோணலாக, ஓரங்களில் முண்டு முண்டாக இருக்கும். மொனேட்டாரியா அன்யூலஸ் முட்டை வடிவில் சீராக இருக்கும். மேல் அடுக்கு தேய்ந்து ஊதா நிறம் வந்த சோழியைப் புது இனம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது உள்ளடுக்கின் நிறம், அவ்வளவே. சோழிக் குஞ்சு மெல்லிய உதட்டோடு, பல்லே இல்லாமல், கூம்பு தெரிய இருக்கும். சோழி என்று சொன்னால் நம்ப முடியாது.

தொடக் கூடாதது

கூம்பைத் தலைகீழாக நிறுத்தியது போல், வாய் நீண்ட இடுக்காக இருந்தால் அது கோனஸ். உயிருள்ளதைக் கையால் எடுக்காதீர்கள், சட்டைப் பையில் போடாதீர்கள். குறுகிய முனையிலிருந்து நஞ்சு தோய்ந்த அம்பைச் செலுத்தும். ஸ்ட்ராம்பஸ் குடும்பத்துக் குஞ்சுகள் உதடு விரிவதற்கு முன் அச்சாகக் கோனஸ் போலவே இருக்கும். அதனால் 'இது ஸ்ட்ராம்பஸ்தான்' என்ற தைரியமும் வேண்டாம். வளர்ந்த ஸ்ட்ராம்பஸில் வெளி உதட்டின் அடிப்பக்கம் ஒரு தனி வளைவு வெட்டு இருக்கும், மூடி அரிவாள் போல நீண்டிருக்கும். சந்தேகம் இருந்தால் நீருக்குள்ளேயே படம் எடுங்கள்.

படமும் சீட்டும்

ஒரு ஓட்டுக்கு நான்கு படம்: வாய்ப்பக்கம், முதுகு, உச்சியை நேர் மேலிருந்து, அடிப்பக்கம். நான்கிலும் கிராஃப் தாள் தெரிய வேண்டும். மதிய வெயிலில் வரிகள் தட்டையாகிவிடும், காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். மங்கிய கோலத்தைப் பார்க்க ஓட்டைத் தண்ணீரில் நனைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் தடவினால் நாளாக நாளாகச் சிக்கு வாடை வரும், தூசும் பிடிக்கும்.

சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை இந்தக் கடற்காற்று ஈரத்தில் ஊறிவிடும். இடம், தேதி, எந்தக் கடல், தரை வகை, உயிருள்ளதா வெற்று ஓடா, உயரம், அகலம். இனம் உறுதியில்லை என்றால் பேரினத்தோடு நிறுத்துங்கள். 'நசாரியஸ், இனம் தெரியவில்லை' என்று எழுதிய சீட்டைப் பின்னால் வருபவர் திருத்திக்கொள்ள முடியும். தவறான முழுப் பெயர் பதிவோடு பதிவாகப் போய்விடும்.

ஓடுகளைப் பிளாஸ்டிக் டப்பாவிலோ கண்ணாடிக் குப்பியிலோ, நன்றாகக் காயவைத்த பிறகே போடுங்கள். பிளைவுட் அலமாரியும் மலிவான அட்டைப் பெட்டியும் ஆகாது. மரத்திலிருந்து கசியும் அமில ஆவி, ஈரக்காற்றோடு சேர்ந்து ஓட்டை அரித்து மேலே வெள்ளைப் பொடியாகப் பூக்கவைக்கும். பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துவிட்டு அதே பெட்டியில் திரும்ப வைக்கிறவர்கள் உண்டு. பொடி வந்த ஓட்டை நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, முழுதாக உலர்த்தி, வேறு டப்பாவுக்கு மாற்றுங்கள். போன வரிகள் திரும்பி வராது, மீதி நிற்கும்.